பிளாப்பி டிரைவ்: துடைத்து ஓட்டுவதா, வேறு டிரைவ் போடுவதா, எமுலேட்டருக்கு மாறுவதா?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் 1990களில் வாங்கிய சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும்) இயந்திரங்கள் இன்னும் ஷிப்ட் தவறாமல் ஓடுகின்றன. ஸ்பிண்டிலும் மோட்டாரும் நன்றாகவே இருக்கும். புரோகிராம் ஏற்றுகிற 3.5 அங்குல பிளாப்பி டிரைவ் படுத்துவிடும், வேலை நின்றுவிடும். பழைய எம்பிராய்டரி இயந்திரங்களுக்கும் இதே நிலைதான். தருமபுரி பக்கம் ஒரு கணக்கர் அலுவலகத்தில் சிக்கல் வேறு மாதிரி இருக்கும். பீரோவில் பிளாப்பிகள் இருக்கும், அவற்றைப் படிக்க ஒரு கம்ப்யூட்டர் இருக்காது. இவர்களைத் தவிர, பழைய கம்ப்யூட்டரை அதன் அசல் நிலையிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் உண்டு.

மூவரும் கேட்பது ஒரே கேள்வி: இருக்கிற டிரைவைச் சரிசெய்யலாமா, வேறு டிரைவ் வாங்கலாமா, பிளாப்பி டிரைவைப் போலவே நடித்து யூ.எஸ்.பி. பென் டிரைவில் ஓடும் எமுலேட்டர் போடலாமா? விடை ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு முக்கியமானது இயந்திரம் ஓடுவதா, பிளாப்பிக்குள் இருக்கும் தகவலா, அந்தக் கம்ப்யூட்டரேயா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் வீணாவதும் தகவல் போவதும் பெரும்பாலும் இதை முடிவு செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதால்தான்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான்

பிளாப்பி டிரைவின் ஹெட், அதாவது படித்து எழுதும் முனை, வட்டின் மேல் உரசிக்கொண்டே படிக்கிறது. ஹார்ட் டிஸ்கில் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே காற்றுப் படலம் உண்டு, இங்கே அது கிடையாது. ஹெட்டில் ஒட்டிய அழுக்கு வட்டைக் கீறும். கீறிய இடத்தில் பெயர்ந்த காந்தப் பூச்சு மறுபடி ஹெட்டிலேயே ஒட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. கிரானைட் அறுக்கும் இடங்களிலிருந்து வரும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் அளவில் அதன் கடினம் 7. அப்படிப்பட்ட ஒரு துகள் ஹெட்டுக்கும் வட்டுக்கும் நடுவே மாட்டினால், நிமிடத்துக்கு 300 சுற்றில் ஒரு தடம் (தகவல் எழுதியுள்ள வட்டப் பாதை) முழுதும் உரிந்துபோகச் சில நொடிகள் போதும்.

அதனால், ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள பிளாப்பியைத் துடைக்காத டிரைவில் போடவே கூடாது. வாங்கி வந்த டிரைவானாலும் நேற்று வரை ஓடிய டிரைவானாலும் ஹெட்டைத் துடைத்து, வேண்டாத ஒரு பிளாப்பியை முழுக்கப் படிக்கவைத்து, அந்தப் பிளாப்பியின் ஷட்டரை (நகரும் உலோக மூடியை) விலக்கி வட்டைப் பாருங்கள். வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் அந்த டிரைவ் இன்னும் தயாராகவில்லை.

அடுத்தது அதைவிட முக்கியமானது. பல வருடங்கள் ஓடிய டிரைவில் ஹெட் தன் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். 3.5 அங்குல பிளாப்பியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே 0.1875 மில்லிமீட்டர்தான். ஹெட் சிறிது விலகினாலும் அந்த டிரைவ் எழுதியதை அதே டிரைவ் மட்டும் படிக்கும், மற்ற டிரைவ்கள் ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லும். இப்படிப்பட்ட டிரைவை ‘சரிசெய்து’ ஹெட்டை உரிய இடத்துக்குக் கொண்டுவந்தால், அது எழுதிய பழைய பிளாப்பிகள் எதிலும் படிக்காமல் போய்விடும். ஆகவே கோணலாக ஓடும் டிரைவாக இருந்தால், அது கோணலாக இருக்கும்போதே பிளாப்பிகள் அனைத்தையும் அதில் படித்து நகல் எடுத்துவிடுங்கள். ரிப்பேர் பிறகு.

வழி ஒன்று: இருக்கும் டிரைவைத் துடைத்து ஓட்டுவது

பெரும்பாலான டிரைவ்கள் பழுதாவதில்லை. அழுக்கேறியும் கிரீஸ் காய்ந்தும் நிற்கின்றன. ஆகவே எந்த முடிவுக்கும் முன் இதைச் செய்து பார்ப்பது நியாயம். அரை நாள் வேலை, செலவு மிகக் குறைவு.

வேண்டியவை: 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நார் விடாத ஃபோம் முனை குச்சிகள், ரப்பர் பல்ப் ஊதி, தையல் மெஷின் எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம், சிறிய பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர். ஆல்கஹால் மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும். மெடிக்கலில் விற்கும் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய்ப் பொருள் கலந்திருக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு உலரவையுங்கள், படலம் தங்கினால் அது ஹெட்டுக்கு ஆகாது. சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு. அசிடோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

மின்சாரத்தை அணைத்து, கேபிளைக் கழற்றும் முன் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருந்தது, டிரைவின் ஓரத்தில் உள்ள தேர்வு ஜம்பர் (இரண்டு பின்னை இணைக்கும் சிறு மூடி) அல்லது சிறு சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்று மொபைலில் படம் எடுங்கள். மேல் தகடு இரண்டு மூன்று ஸ்க்ரூவிலோ பக்கக் கொக்கிகளிலோ நிற்கும், தூக்கினால் வந்துவிடும். தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பட்டறையின் கம்ப்ரசர் குழாயை இங்கே கொண்டுவராதீர்கள். அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் வரும், அழுத்தம் மேல் ஹெட்டைத் தாங்கும் மெல்லிய தகட்டை வளைத்துவிடும். அது வளைந்தால் டிரைவ் முடிந்தது. சரிசெய்ய வழி கிடையாது.

ஹெட்டைத் துடைக்கும்போது மேல் ஹெட்டைத் தாங்கும் தகட்டைச் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள், குச்சி நுழையும் அளவு போதும். ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த முனையால் அழுத்தாமல் துடைக்க வேண்டும். குச்சி பழுப்பாக வந்தால் புதிது எடுங்கள். வெள்ளையாகவே வரும்வரை தொடருங்கள், பிறகு 5 நிமிடம் உலரவிடுங்கள். பழைய ஒருபக்க 5.25 அங்குல டிரைவ்களில் மேலே ஹெட்டுக்குப் பதில் ஒரு சிறு கம்பளிப் பட்டை இருக்கும். அதை ஆல்கஹாலில் நனைக்காதீர்கள். தேய்ந்து கறுத்திருந்தால் அதே தடிமனில் மெல்லிய ஃபெல்ட் வெட்டி ஒட்டுங்கள்.

ஹெட் நகரும் தண்டவாளங்களில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதை முழுக்கத் துடைத்துவிட்டு, எண்ணெயில் தொட்ட குச்சியை மறுபடி துணியில் ஒற்றியெடுத்து ஒரு தடவை தடவினால் போதும். சுருள் தண்டில் குண்டூசி முனையளவு கிரீஸ். அதற்கு மேல் வைத்தால் தெறித்து ஹெட்டுக்கோ வட்டுக்கோ போகும். துரு நீக்கும் ஸ்பிரே எந்த இடத்திலும் அடிக்கக் கூடாது. ஹெட்டை நகர்த்திப் பார்க்க வேண்டுமானால் கையால் தள்ளாமல் மோட்டாரின் சுருள் தண்டை விரலால் சுற்றுங்கள். தள்ளினால் சுருளில் உட்கார்ந்திருக்கும் ஊசி தேயும்.

3.5 அங்குல டிரைவ்களில் அடிக்கடி ஏமாற்றுவது பிளாப்பியை ஏற்றி இறக்கும் தட்டு. அதன் சறுக்குத் தகடுகளில் கிரீஸ் காய்ந்தால் பிளாப்பி முழுக்கக் கீழே இறங்காது, டிரைவ் ‘பிளாப்பி இல்லை’ என்று சொல்லும். வெளியே எடுக்கும்போது தட்டு அரைகுறையாக எழும்பினால் உலோக ஷட்டர் மேல் ஹெட்டில் மாட்டி அதைப் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே வேண்டாத பிளாப்பியைப் போட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று ஒரே வேகத்தில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். தயங்கினால் சறுக்குத் தகடுகளைத் துடைத்துப் புதிய கிரீஸ் இடுங்கள்.

மீதி இருப்பவை சிறு வேலைகள்: முதல் தடத்தைக் காட்டும் ஒளி சென்சாரின் இடுக்கில் ஊதுவது, எழுதத் தடை சுவிட்சையும் ஹெச்.டி. (1.44 எம்.பி.) பிளாப்பியை அடையாளம் காணும் துளை சுவிட்சையும் சிலமுறை அழுத்திவிடுவது.

பெல்ட் உள்ள பழைய 5.25 அங்குல டிரைவ்களுக்கு வேகமும் பார்க்க வேண்டும். 360 கே.பி. டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று, 1.2 எம்.பி. டிரைவ் 360 சுற்று. பல டிரைவ்களின் அடிச் சக்கரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இரண்டு வளையங்களாக இருக்கும், ஒன்று 50 ஹெர்ட்ஸுக்கு, மற்றது 60 ஹெர்ட்ஸுக்கு. நம் ஊர் மின்சாரத்துக்கு 50 வளையம். பழைய இரும்புச் சோக் போட்ட டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் நின்றதுபோல் தெரிய வேண்டும், நகர்ந்தால் சிறு திருகு மின்தடையைத் திருப்பிச் சரிசெய்யலாம். எல்.இ.டி. பல்பிலும் எலக்ட்ரானிக் சோக் லைட்டிலும் இந்தச் சோதனை பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் அவை அந்தக் கணக்கில் துடிப்பதில்லை. 3.5 அங்குல டிரைவ்களில் வேகத்தைத் திருகும் இடமே பொதுவாக இராது.

அதன் பிறகும் ஓடவில்லை என்றால் மின்தேக்கிகளைப் பாருங்கள். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த டிரைவ்களில் பலகையின் மேல் ஒட்டிய சிறு அலுமினிய மின்தேக்கிகள் கசிந்திருக்கும். மீன் வாடை, மங்கிய ஈயப்பற்று, பச்சை படிந்த தடம் ஆகியவை அடையாளங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ள புதியதைப் போடலாம். கசிவை ஆல்கஹாலால் நன்றாகக் கழுவிய பிறகே ஈயம் வையுங்கள், இல்லாவிட்டால் தாமிரத் தடம் கையோடு வந்துவிடும். 5.25 அங்குல டிரைவ்களில் 12 வோல்ட் பாதையில் உள்ள டான்டலம் மின்தேக்கி ஷார்ட் ஆவதும் வழக்கம். போட்டவுடன் பவர் சப்ளை முழுதும் அணைந்தால் சந்தேகம் அங்கே போகட்டும்.

இனி ஹெட் அலைன்மென்ட். சோதனை எளிது. இந்த டிரைவில் ஒரு பிளாப்பியை ஃபார்மட் செய்து எழுதி, நம்பகமான வேறு டிரைவில் படியுங்கள். அங்கே எழுதியதை இங்கே படியுங்கள். தான் எழுதியதை மட்டும் படித்து, மற்றதைப் படிக்காவிட்டால் ஹெட் விலகியிருக்கிறது. இதைத் திருத்த, ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மோட்டாரை மயிரிழை நகர்த்த வேண்டும். தொழிற்சாலையில் எழுதிய அளவுப் பிளாப்பியும் ஆசிலோஸ்கோப்பும் வைத்து, திரையில் பூனைக்கண் வடிவில் வரும் இரண்டு இதழ்களும் சமமாகும்வரை நகர்த்துவதுதான் முறை. அந்தப் பிளாப்பி கையில் இல்லாமல் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கண்ணால் பார்த்து நகர்த்தினால் நாளைக்கு எது சரி, எது கோணல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அலைன்மென்ட் போன டிரைவுக்குப் பொதுவான வழி, அடுத்த பத்தியில் சொல்வதுதான்.

வழி இரண்டு: வேறு டிரைவ் போடுவது

ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு சுமார் 40 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்தும் நேர் ரயில் உண்டு. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய டிரைவ்கள் கிடைக்கும். கடையில் வாங்கும்போது மேல் தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். பார்க்க வேண்டியவை: மேல் ஹெட் நேராக உட்கார்ந்திருக்கிறதா, ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய ரிப்பன் மடிப்பில் விரிசல் இருக்கிறதா, சுருள் தண்டு விரலுக்கு லேசாகச் சுற்றுகிறதா, பலகையில் மீன் வாடை அடிக்கிறதா. புத்தம் புதிது என்று பெட்டியோடு தந்தாலும் அது வருடக்கணக்காகக் கிடந்த சரக்குதான், கிரீஸ் காய்ந்திருக்கும். வழி ஒன்றில் சொன்னது முழுதும் அதற்கும் பொருந்தும்.

கம்ப்யூட்டருக்கு டிரைவ் மாற்றுவது எளிது. சி.என்.சி.க்கும் எம்பிராய்டரி இயந்திரத்துக்கும் மாற்றும்போதுதான் இடறுவார்கள். பிளக் பொருந்தும், டிரைவ் ஓடாது. இதற்குக் காரணம் மூன்று.

முதல் காரணம் டிரைவ் எண். கம்ப்யூட்டர் கேபிளில் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் முறுக்கியிருக்கும். அந்த முறுக்கை நம்பித்தான் எல்லாக் கம்ப்யூட்டர் டிரைவ்களையும் இரண்டாம் எண்ணாக வைத்துத் தயாரித்தார்கள். இயந்திரங்களில் கேபிள் பெரும்பாலும் நேர்க் கேபிள், டிரைவ் முதல் எண்ணாக இருக்க வேண்டும். பழைய டிரைவ்களில் அதற்கு ஜம்பர் உண்டு. பின்னால் வந்தவற்றில் ஜம்பரை எடுத்துவிட்டார்கள், சிலவற்றில் பலகையில் ஈயப் பாலம் மட்டும் இருக்கும்.

இரண்டாவது 34-ஆம் பின். கம்ப்யூட்டர் டிரைவ் அதில் ‘பிளாப்பி மாறிவிட்டது’ என்று சொல்லும். பல இயந்திரங்கள் அதே பின்னில் ‘தயார்’ என்ற சைகையை எதிர்பார்க்கும், அது வராவிட்டால் காத்துக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் இந்தக் கம்பி அறுந்தால் விளைவு இன்னும் ஆபத்து. பிளாப்பியை மாற்றிய பிறகும் முந்தைய பிளாப்பியின் பட்டியலே திரையில் தெரியும். அப்போது எதையாவது எழுதினால் புதிய பிளாப்பி பாழ்.

மூன்றாவது வேகமும் ஃபார்மட்டும். ஜப்பானில் 3.5 அங்குலப் பிளாப்பியிலேயே 360 சுற்றில் ஓடும் 1.2 எம்.பி. முறை ஒன்று புழங்கியது: 77 தடம், தடத்துக்கு 8 செக்டர் (துண்டு), செக்டருக்கு 1024 பைட். நம் ஊரில் கிடைக்கும் சாதாரண டிரைவ் 300 சுற்றில் மட்டும் ஓடும். ஜப்பானிய இயந்திரமாக இருந்தால் பழைய டிரைவின் மாடல் எண்ணைப் பார்த்து, இரண்டு வேகமும் உள்ளதா என்று உறுதிசெய்த பிறகே மாற்று வாங்குங்கள்.

பவர் பிளக்கிலும் எச்சரிக்கை வேண்டும். 3.5 அங்குல டிரைவின் நான்கு பின் சிறு பிளக்கைப் பலவந்தமாகத் தலைகீழாகவும் செருகிவிட முடியும். செருகினால் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் போய்ப் பலகை கருகும். டேட்டா கேபிள் தலைகீழானால் டிரைவுக்கு நஷ்டம் இல்லை, ஆனால் அப்போது உள்ளே பிளாப்பி இருந்தால் அதில் உள்ளது அழியலாம். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், திருப்பிச் செருகினால் சரியாகிவிடும்.

டிரைவ் மாற்றுவதன் உண்மையான பலவீனம் பிளாப்பியில் இருக்கிறது. சோனி 2011 மார்ச்சோடு பிளாப்பி தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்று ‘புதிது’ என்று விற்பவையும் கிடங்கில் வருடக்கணக்காகக் கிடந்தவையே. 720 கே.பி. மட்டும் படிக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய டி.டி. (குறைந்த அடர்த்தி) பிளாப்பி கிடைப்பது இன்னும் அரிது. ஹெச்.டி. பிளாப்பியின் துளையை டேப்பால் மூடி ஓட்டுவார்கள். இரண்டின் காந்தப் பூச்சும் வேறு, எழுதும் மின்னோட்டமும் வேறு. இன்று எழுதியது அடுத்த மாதம் படிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. உற்பத்தி இயந்திரத்துக்கு இதை நான் ஏற்கமாட்டேன்.

5.25 அங்குலக்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. 1.2 எம்.பி. டிரைவின் ஹெட் 360 கே.பி. ஹெட்டைவிடக் குறுகியது. ஏற்கெனவே 360 டிரைவில் எழுதிய பிளாப்பியின் மேல் 1.2 டிரைவில் எழுதினால் அகலமான பழைய தடத்தின் நடுவில் மெல்லிய புதிய தடம் விழும். மறுபடி 360 டிரைவில் வைத்தால் அது இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். படிப்பதற்கு மட்டும் 1.2 டிரைவைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

வழி மூன்று: எமுலேட்டர்

பிளாப்பி டிரைவின் அதே அளவில், அதே 34 பின் கேபிளில் பொருந்தி, முன்னால் பென் டிரைவ் செருகும் துளையோடு வரும் பெட்டி இது. இந்தியாவிலும் எளிதாகக் கிடைப்பது கோடெக் (Gotek) வகை. ஒரு பென் டிரைவுக்குள் நூற்றுக்கணக்கான பிளாப்பிகளை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றலாம். 5 வோல்ட் மட்டும் போதும். சுழல்வதும் உரசுவதும் இல்லாததால் கிரானைட் தூசியும் லேத்தின் எண்ணெய்ப் புகையும் இதை அவ்வளவாகப் பாதிக்காது.

கடையிலிருந்து வரும் நிலையில் இது பென் டிரைவைத் தன் போக்கில் 1.44 எம்.பி. துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். அதை நிரப்பத் தனி விண்டோஸ் மென்பொருள் வேண்டும், எந்தத் துண்டில் எது இருக்கிறது என்று தாளில் எழுதி வைக்க வேண்டும். கெய்ர் ஃப்ரேசர் எழுதிய ஃப்ளாஷ்ஃப்ளாப்பி (FlashFloppy) என்ற இலவச ஃபர்ம்வேரை (பெட்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) ஏற்றினால் நிலைமை மாறும். சாதாரண ஃபேட்32 பென் டிரைவில் பிளாப்பி இமேஜ் கோப்புகளை (ஒரு பிளாப்பியின் முழு நகல் ஒரே கோப்பாக) அப்படியே போடலாம், சிறு ஓலெட் திரை சேர்த்தால் கோப்பின் பெயரே தெரியும். முக்கியமாக, அமைப்புக் கோப்பில் இரண்டு வரி மாற்றி 34-ஆம் பின் ‘தயார்’ சொல்வதா ‘மாறிவிட்டது’ சொல்வதா என்று முடிவு செய்யலாம். வழி இரண்டில் ஈயம் வைத்துச் செய்ய வேண்டியது இங்கே தட்டச்சில் முடிகிறது. 360 சுற்று, 77 தடம், 1024 பைட் செக்டர் எல்லாவற்றையும் இதே பெட்டி நடித்துக் காட்டும். ஃபர்ம்வேர் ஏற்றுவது ஒருமுறை வேலை: பலகையில் உரிய இரண்டு பின்னை ஜம்பரால் இணைத்து, இரு முனையும் ஏ வகையான யூ.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். பழைய பெட்டிகளில் எஸ்.டி.எம். சிப், பின்னால் வந்தவற்றில் ஆர்ட்டெரி சிப். ஏற்றும் மென்பொருள் வேறு வேறு. ஆகவே முதலில் பெட்டியைத் திறந்து சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் மல்டிமீட்டரால் பவர் பிளக்கில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரைவ் எண் ஜம்பர், அடுத்து 34-ஆம் பின் அமைப்பு, அதன் பிறகே இமேஜ். இயந்திரம் தனக்கே உரிய ஃபார்மட்டில் எழுதுவதாக இருந்தால், காலியான இமேஜைக் கொடுத்து இயந்திரத்தையே ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். பழைய எம்பிராய்டரி இயந்திரங்கள் சிலவற்றின் ஃபார்மட் கம்ப்யூட்டரின் டாஸ் ஃபார்மட் அல்ல, கம்ப்யூட்டரில் திறந்தால் காலியாகத் தெரியும். ‘பிளாப்பி கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும்போது சம்மதித்தால் டிசைன்கள் போயின.

எமுலேட்டர் பழுதாவது பெரும்பாலும் பென் டிரைவால்தான். நீட்டிக்கொண்டிருக்கும் பென் டிரைவில் கை பட்டுத் துளை தளரும், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் இமேஜ் கெடும், அதே பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோய் வேறு வேலைக்குப் பயன்படுத்துவார்கள். கட்டை விரல் நகமளவு உள்ள குட்டிப் பென் டிரைவை வாங்கி, அதே போல் இரண்டாவது ஒன்றில் முழு நகல் வைத்து, பேனல் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள்.

இதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: உங்கள் சி.என்.சி.யில் ஆர்.எஸ்.232 போர்ட் (கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைக்கும் பழைய சீரியல் இணைப்பு) இருக்கிறதா? இருந்து, கன்ட்ரோலரில் அந்த வசதி திறந்திருந்தால் பிளாப்பியே வேண்டாம். கேபிளில் நேராகப் புரோகிராம் அனுப்பலாம். வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். லேப்டாப்பை சார்ஜரோடு இணைத்தபடி செருகினால் எர்த் வேறுபாட்டால் போர்ட் சிப் எரிவதுண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், நிரந்தரமாக வைப்பதானால் ஆப்டோ தடுப்புள்ள (நேர் மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியே சைகை அனுப்பும்) அடாப்டர் போடுங்கள்.

தகவல்தான் முக்கியம் என்றால்

எமுலேட்டர் பழைய பிளாப்பியைப் படிக்காது. மாட்டி முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவிப்பவர்கள் உண்டு. பிளாப்பிக்குள் இருப்பதை எடுக்க உண்மையான டிரைவ் வேண்டும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க இரண்டு வழிகள்.

யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் எளிது, செருகினால் ஓடும். ஆனால் கம்ப்யூட்டர் ஃபார்மட்டில் உள்ள 1.44 எம்.பி.யும், பலவற்றில் 720 கே.பி.யும் மட்டும்தான் படிக்கும். 5.25 அங்குலத்துக்கு இப்படி ஒன்று கிடையாது. கணக்கர் அலுவலகத்தின் டாஸ் காலப் பிளாப்பிகளுக்கு இது போதும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற கருவியை இதோடு சேர்த்தால் கெட்ட செக்டரில் நிற்காமல் நல்லவற்றை முதலில் எடுத்துவிட்டு, மீதியை மறுபடி மறுபடி முயலும். விண்டோஸில் கோப்பை இழுத்து நகல் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிரீஸ்வீசல் (Greaseweazle) என்ற சிறு பலகை இன்னொரு வழி. அதுவும் கெய்ர் ஃப்ரேசரின் வேலைதான். சாதாரண 34 பின் டிரைவை இதில் மாட்டினால், வட்டில் உள்ள காந்த மாற்றங்களை நேரமளந்து அப்படியே பதிவுசெய்கிறது. ஃபார்மட் எதுவானாலும் கவலையில்லை. முதலில் பதிவு, பொருள்கொள்வது பிறகு. ஒரு பிளாப்பிக்குப் பல பத்து எம்.பி. கோப்பு வரும், இன்று அது பெரிய இடம் அல்ல. டிரைவின் வேகத்தை அளக்கவும், துடைக்கும் பிளாப்பியின் மேல் ஹெட்டை ஓடவிடவும் இதிலேயே கட்டளைகள் உண்டு. எம்பிராய்டரி, ஜப்பானிய இயந்திரம், 5.25 அங்குலம், கெட்டுப்போன பிளாப்பி ஆகிய அனைத்துக்கும் இதுவே என் தேர்வு.

படிக்கும் முன் ஒவ்வொரு பிளாப்பியின் ஷட்டரையும் விலக்கி, வட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பீரோவில் கிடந்தவற்றில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அதோடு டிரைவில் போட்டால் ஹெட் முழுக்க அப்பிக்கொள்ளும், அடுத்த பிளாப்பிக்கும் பரவும். 3.5 அங்குலத்தில் ஷட்டரை விலக்கி, ஆல்கஹால் தொட்ட குச்சியால் வட்டைச் சுற்றிச் சுற்றி இருபுறமும் துடைத்து உலர்த்தலாம். 5.25 அங்குல உறையை ஒரு ஓரத்தில் பிளேடால் பிரித்து வட்டை வெளியே எடுத்துக் கழுவி, சுத்தமான வேறு உறையில் வைத்துப் படிக்கலாம். படிக்கும்போது கிறீச்சென்ற சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். பூச்சு உரிகிறது என்று அர்த்தம். ஹெட்டைத் துடைத்து, அந்தப் பிளாப்பியைத் தனியே எடுத்து வையுங்கள், மற்றவை முடிந்த பிறகு கடைசியில் பார்க்கலாம்.

ஆளுக்கு ஏற்ற முடிவு

ஓசூர் பட்டறைக்கு: ஆர்.எஸ்.232 இருந்தால் அது, இல்லாவிட்டால் எமுலேட்டர். பழைய டிரைவ் சரியாகும்போலத் தெரிந்தாலும், அதில் ஓடும் பிளாப்பி இனி நம்பகமாகக் கிடைக்காது என்பதால் இந்த முடிவில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எமுலேட்டர் வாங்கும் முன், இயந்திரத்தின் பாராமீட்டர்களும் (அமைப்பு எண்களும்) புரோகிராம்களும் உள்ள பிளாப்பிகளை நகல் எடுத்திருக்க வேண்டும். பாராமீட்டர் பிளாப்பி போனால் நஷ்டம் டிரைவின் விலையில் நிற்காது.

கணக்கர் அலுவலகத்துக்கு: யூ.எஸ்.பி. டிரைவ் ஒன்று, அதிலும் ஹெட் துடைத்த பிறகு. படிக்காதவற்றை மட்டும் பிரித்து, கிரீஸ்வீசல் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். டிரைவையே அனுப்ப வேண்டியிருந்தால், 5.25 அங்குலத்தில் ஹெட்டுகளுக்கு நடுவே அட்டைத் துண்டை வைத்துப் பூட்டுங்கள். 3.5 அங்குலத்தில் உள்ளே எதையும் வைக்காமல் அனுப்புங்கள்.

பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்ற நினைப்பவருக்கு: வழி ஒன்று. டிரைவின் சத்தமும் விளக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் பகுதி, அதை எடுத்துவிட்டு எமுலேட்டர் வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பாது. தினசரி வேலைக்கு எமுலேட்டரை இரண்டாவது டிரைவாக அதே கேபிளில் சேர்த்துக்கொள்ளலாம், அசல் டிரைவின் தேய்மானம் குறையும்.

எமுலேட்டர் போட்டுக் கழற்றிய டிரைவைத் தூக்கி எறிய வேண்டாம். அது எழுதிய பிளாப்பி ஏதாவது பின்னால் ஒரு மூலையில் அகப்பட்டால், அதைப் படிக்கக்கூடிய ஒரே டிரைவ் அதுவாகவே இருக்கலாம். ஹெட்டைத் துடைத்து, பிளாப்பி எதுவும் இல்லாமல், ஆன்டிஸ்டேடிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, எந்த இயந்திரத்திலிருந்து எடுத்தது, ஜம்பர் எந்த நிலையில் இருந்தது என்று மேலே எழுதி ஒட்டி வையுங்கள்.